மட்டைக்கும் சுருதி உண்டு

பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கச் செல்லும் பெற்றோர் அதன் காலை அளந்து பார்த்தே வாங்குகின்றனர். மூக்குக் கண்ணாடி வாங்குவோர் கண்ணைச் சோதிப்பித்த பின்னரே வாங்குகின்றனர். பூப்பந்தாட்ட மட்டை வாங்கும்பொழுது மாத்திரம் பிள்ளையின் கையை எவரும் பார்ப்பதில்லை. ஒலிம்பிக்கில் வென்றவர் எந்த மட்டையைப் பிடித்திருந்தார், அதன் நரம்பு எத்தனை இறாத்தலில் இழுக்கப்பட்டிருந்தது என்பனவே கடையில் நடைபெறும் பேச்சு. விலைச்சீட்டைப் பார்த்துத் தகப்பனார் மௌனமாகின்றார். மகனோ மகளோ அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்கின்றனர்.

இப்பகுதிக்கு எழுதும் அன்பர்களுள் மூவர் அண்மைக் கிழமைகளில் ஏறத்தாழ ஒரே வினாவை விடுத்துள்ளனர். எந்த மட்டை நல்லது? நரம்பை எவ்வளவு இறுக்கத்திற் பின்னுவித்தல் வேண்டும்? முதலாவது வினாவிற்கு விடை சுருக்கமானது. இரண்டாவதற்கு விடை நீண்டது. கடைகளிலோ இது தலைகீழாக நடைபெறுகின்றது. மட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவர். நரம்பைப் பற்றி ஒரே சொல்லிற் கேட்டு முடித்துவிடுவர்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தார் இவ்வாட்டத்தை இறகுப்பந்து என்பர். அங்கே பூப்பந்து என்றாற் கம்பளி நூற்பந்து கொண்டு ஆடும் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கும். ஈழத்தில் நாம் பூப்பந்து என்றே வழங்கிவருவதனால் இங்கும் அப்பெயரையே கையாளுகின்றேன்.

அறுபது வயதைக் கடந்த வாசகர்களுக்கு மரமட்டை நினைவிருக்கும். ஆடி முடிந்ததும் அதனை நான்கு திருகாணிகள் கொண்ட மரச்சட்டத்துள் வைத்து இறுக்கிவிடுவர். இறுக்காவிட்டால் மாரிகாலத்து ஈரத்தில் மட்டை அப்பளம்போல் வளைந்துவிடும். நரம்பு விலங்கின் குடலிலிருந்து திரித்தெடுக்கப்பட்டது. குடல் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லே இன்றும் நைலோன் நரம்புக்குக் கடைகளில் ‘கட்’ என வழங்குகின்றது. மரத்தின் பின் உருக்கும் அலுமினியமும் வந்தன. அவற்றின் பின் காபன் நார் வந்தது. இன்று மாணவர் அனைவரும் பெயர் அறிந்து வைத்திருக்கும் யொனெக்ஸ் கம்பனியின் வரலாறு எமது கரையோர மக்களுக்குச் சுவையானது. யப்பானின் நீகாட்டாப் பகுதியைச் சேர்ந்த மினோரு யொனெயாமா என்பவர் 1946 இல் மரத்தொழில் தொடங்கியபொழுது அவர் செய்து விற்றவை மீன்வலைக்குரிய மரமிதவைகளே. பிளாத்திக்கு மிதவைகள் வந்ததும் அத்தொழில் படுத்துவிட்டது. மரத்தைக் கையாளத் தெரிந்த தொழிலாளரை வைத்துக்கொண்டு அவர் 1957 இற் பூப்பந்து மட்டை செய்யத் தொடங்கினார். வலைமிதவை போனால் மட்டை என்று எண்ணத் துணிந்த ஒருவரின் முயற்சி அது.

இனி மட்டைகளை ஒப்பிடும் விதத்தைப் பார்ப்போம். ஆட்ட விதிகளின்படி மட்டையின் முழு நீளம் 680 மில்லிமீற்றரையும் அகலம் 230 மில்லிமீற்றரையும் விஞ்சுதல் கூடாது. இக்காலத்து மட்டைகளிற் பெரும்பாலானவை 675 மில்லிமீற்றர் நீளமானவை. ஆகவே அளவில் வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு நிறையிலும், அந்நிறை எங்கே இருக்கின்றது என்பதிலும், தண்டின் விறைப்பிலுமே உளது.

நிறையைக் குறிக்க யொனெக்ஸ் கம்பனியார் ‘யூ’ என்னும் எழுத்தை வழங்குகின்றனர். 3யூ என்றால் 85 முதல் 89.9 கிராம் வரை. 4யூ என்றால் 80 முதல் 84.9 வரை, 5யூ என்றால் 75 முதல் 79.9 வரை. எண் கூடக் கூட நிறை குறையும். கைப்பிடியின் பருமனைக் காட்டும் ‘ஜீ’ என்னும் குறியும் அவ்வாறே. எண் பெரிதானாற் பிடி மெல்லியது. பிற கம்பனியார் வேறு குறிகளை வழங்குவதனால் இவ்விதியை எல்லா மட்டைக்கும் பொருத்தல் ஆகாது. 3யூ, 4யூ என்பவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு ஐந்து கிராம். அஃதாவது ஒரு பூப்பந்தின் நிறை. கடையிற் கையில் ஏந்திப் பார்த்து அவ்வேறுபாட்டை உணர்ந்தேன் என்பாரை நான் முழுவதும் நம்புவதில்லை. ஆயினும் ஒன்றரை மணி நேரம் ஆடிய பின் தோள் அதனை உணரும்.

நிறை எங்கே தங்கியிருக்கின்றது என்பதை அறிய ஒரு விரல் போதும். மட்டையைக் கிடையாக விரல்மேல் வைத்து, சாயாது நிற்கும் இடத்தைக் கண்டு, கைப்பிடியின் அடியிலிருந்து அவ்விடம் வரை அளந்து பாருங்கள். 285 மில்லிமீற்றருக்கும் 295 இற்கும் இடையில் நின்றாற் சமநிலை மட்டை என்பது பொதுவழக்கு. அதனிலும் கூடினால் தலைப்பாரம். குறைந்தால் தலை இலேசு. மேற்கூறிய கம்பனியின் அஸ்ட்ரொக்ஸ் வரிசை தலைப்பாரமுடையது, நானோபிளெயர் தலை இலேசானது, ஆர்க்சேபர் நடுவானது. தலைப்பாரம் பின்கோட்டிலிருந்து ஓங்கி அடிப்பார்க்கு உதவும். தலை இலேசானது இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நின்று சடுதியாகத் தடுப்பார்க்கு உதவும். ஆடத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகாத பிள்ளைக்கு எத்துறை தன்துறை என்பது தெரியாது. ஆதலின் நடுவானதே அதற்குத் தக்கது.

இங்கே பௌதிகம் கற்கும் மாணவர் ஒன்றைக் கவனித்தல் நன்று. தலைப்பாரம் கூடிவிட்டது என்று கருதுவோர் சிலர், கைப்பிடிமேல் இன்னொரு நாடாவைச் சுற்றிவிட்டால் அது சரியாகிவிடும் என்று எண்ணுகின்றனர். 90 கிராம் நிறையுள்ள மட்டையின் பிடியில் ஐந்து கிராம் நாடாவைச் சுற்றினால், சமநிலைப் புள்ளி ஏறத்தாழ ஒரு சதம மீற்றர் பின்வாங்கும் என்பது மெய்யே. அளவுகோல் திருப்தியடையும், தோள் திருப்தியடையாது. ஏனெனில் வீசுவதற்கு வேண்டிய முயற்சி நிறையை மாத்திரம் பொறுத்ததன்று. சுழலும் அச்சிலிருந்து அந்நிறை இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. கைப்பிடியின் அடியிலிருந்து 8 சதம மீற்றரில் உள்ள ஐந்து கிராமோடு ஒப்பிட, 60 சதம மீற்றரில், தலையிலே உள்ள ஐந்து கிராம் சுழற்சிக்கு 56 மடங்கு தடையாகின்றது. நாடாவைச் சுற்றித் தலையின் பாரத்தைக் குறைத்தல் இயலாது. சடத்துவத் திருப்பம் என்று பாடப்புத்தகத்திற் படித்துப் பரீட்சை எழுதியவுடன் மறந்துவிடும் அதிகாரம் இதுவே.

தண்டின் விறைப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக வீசும் கை விறைப்பான தண்டையும் வளைக்கும். வளைந்த தண்டு நிமிரும்பொழுது அடிக்கு உதவும். மெதுவாக வீசும் கையால் அதனை வளைக்க முடியாது. வளையாத வில்லிலிருந்து அம்பு செல்வதெங்ஙனம்? தோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற டென்மார்க்கு வீரர் விக்டர் அக்சல்சனின் உயரம் 1.94 மீற்றர். அவருடைய மட்டையைப் போன்றதை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தாற் பிள்ளைக்கு மட்டை ஆகாது. மட்டைக்கும் பிள்ளை ஆகாது.

ஆக, முதலாவது வினாவிற்கு விடை முடிந்தது. வளரும் பிள்ளைக்கு 4யூ அல்லது 5யூ நிறை, சமநிலை, மிதமான தண்டு, காபன் நாராலான முழு உடல். தலை வட்டமாக இராது சிறிது சதுரப் பாங்காக இருத்தல் நன்று. 1992 இல் அறிமுகமான அவ்வடிவம் நரம்பின் நல்லடிப் பரப்பை விரிவாக்கியது. இவ்வளவும் பொருந்திய மட்டை உயர்ந்த விலைக்குரிய வரிசையில் இருப்பதில்லை. நடுத்தர விலையில் உளது. பெயர்பெற்ற மட்டைகளின் போலிகள் சந்தையில் நிறைய உலாவுவதனால், நம்ப முடியாத மலிவில் ஒன்று கிடைத்தால் நம்பாது விடுவதே புத்தி.

இனி நரம்பு. நரம்பின் இறுக்கத்தை இன்றும் இறாத்தலில் அளக்கின்றோம். மெத்திரிக்கு முறை வந்து பல்லாண்டுகள் கழிந்தும் பாணும் பூப்பந்து நரம்பும் இறாத்தலை விடவில்லை. 24 இறாத்தல் என்றால் யாது? ஒற்றை நரம்பின் நுனியில் இருபத்துநான்கு இறாத்தற் பாண்களைக் கட்டித் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. ஏறத்தாழ 11 கிலோகிராம். மட்டையின் நெடுக்கில் 22 நரம்புகள் ஓடுகின்றன. அவை அனைத்தும் சேர்ந்து 240 கிலோகிராம் அளவில் அச்சட்டத்தை நெருக்குகின்றன. மூவர் ஏறி நிற்கும் பாரத்தை 85 கிராம் நிறையுள்ள ஒரு வளையம் தாங்குகின்றது! குறுக்கு நரம்புகள் மற்றைத் திசையில் இழுத்து ஈடு செய்வதனாலேயே அது உடையாது நிற்கின்றது. ஆதலாற்றான் தண்டின் அருகே இத்தனை முதல் இத்தனை இறாத்தல் வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அவ்வெல்லையைக் கடந்து பின்னுவித்த மட்டை விரிசல் கண்டாற் கம்பனியார் பொறுப்பேற்கமாட்டார்.

நரம்பு இறுகினால் அடியின் வேகம் கூடும் என்பது மாணவரிடையே பரவலான நம்பிக்கை. உண்மை அதற்கு எதிர்மாறானது. பந்து நரம்பிற் படும் கணத்தில் இரண்டு பொருள்கள் அமுங்குகின்றன: ஒன்று நரம்புத் தளம், மற்றையது பந்தின் தக்கை. நைலோன் நரம்பு தான் வாங்கிய சத்தியின் மிகப் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். தக்கையோ தான் வாங்கியதிற் பெரும்பங்கை வெப்பமாக்கி வீணாக்கிவிடும். நரம்பு தளர்வாக இருந்தால் அதிகம் அமுங்குவது நரம்பு. விறைப்பாக இருந்தால் அதிகம் அமுங்குவது தக்கை. அடியின் சத்தியை நாணயமானவனிடம் ஒப்படைப்பதா, ஊதாரியிடம் ஒப்படைப்பதா என்பதே இங்குள்ள வினா.

அப்படியானால் உலக வீரர் பலர் 30 இறாத்தலை நாடுவது ஏன்? வேகத்தை அவர்களுடைய தோளும் மணிக்கட்டும் கொடுக்கின்றன. இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023 ஏப்ரில் மாதம் யப்பானில் நடந்த அளவீட்டில் மணிக்கு 565 கிலோமீற்றர் வேகத்திற் பந்தை அடித்து உலக சாதனை ஏற்படுத்தினார். அத்தகைய கைக்கு நரம்பிடம் வேகத்தை இரந்து நிற்க வேண்டிய தேவை இல்லை. அவர்கள் வேண்டுவது திசையின் உறுதி. விறைத்த தளத்திற் பந்து தங்கும் நேரம் குறைவு. தளம் நெளிவதும் குறைவு. எண்ணிய கோட்டிலே பந்து செல்லும். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை யாதெனில், பந்து தளத்தின் நடுவிலே பட்டாக வேண்டும். இறுக்கம் கூடக் கூட நல்லடிப் பரப்புச் சுருங்கிக்கொண்டே போகும். விலகிப் பட்ட அடியின் அதிர்வு தண்டு வழியாக ஏறி முழங்கையிற் போய் முடியும். பத்து அடியில் ஒன்பதை நடுவிலே அடிப்பார்க்கு அவ்விலை சிறிது. பத்தில் நான்கை மாத்திரம் நடுவில் அடிக்கும் பிள்ளைக்கு அது பெரிது.

இதைவிட மெய்யான காரணம் ஒன்றும் உண்டு. மாணவர் அதனை ஒப்புக்கொள்வதில்லை. விறைத்த நரம்பின் ஒலி கம்பீரமானது. மண்டபத்தின் அந்தத்தில் நிற்பவரும் திரும்பிப் பார்ப்பர். அவ்வொலிக்காகவே 28 ஐயும் 30 ஐயும் கேட்கும் இளைஞர் அநேகர்.

எமது கல்லூரி மாணவன் ஒருவனுக்கு வயது பதினைந்து. தாயார் சீட்டுக் கட்டி எடுத்த பணத்திற் தலைப்பாரம் மிக்க, தண்டு விறைத்த மட்டையொன்றை வாங்கிக் கொடுத்தார். கடையிலிருந்தவர் இம்மட்டைக்கு 28 இறாத்தலிற் குறைந்து பின்னுவது மதிப்பன்று என்று கூறினாராம். ஆறு கிழமையில் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி கண்டது. முதலில் மறைத்தான். பின்னர் எழுதும்பொழுதும் கை நொந்தது. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு மாதங்களே இருந்தன. ஆடும் கையும் எழுதும் கையும் ஒன்றே. வைத்தியர் வலிக்கு மட்டையே முழுக் காரணம் என்று சொல்லவில்லை; பயிற்சி நாள்களைச் சடுதியாக இரட்டித்ததும் காரணம் என்றார். ஆயினும் மூன்று காரணங்களுள் இரண்டு கடையிலே வாங்கப்பட்டவை. தாயார் கல்லூரிக்கு வந்து என்னிடம் வினவியது ஒன்றே: “சேர், உதைத் திருப்பிக் குடுக்கேலாதோ?” நரம்பு பின்னி ஆடிய மட்டையை எந்தக் கடை திருப்பி எடுக்கும்? இறுதியில் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அம்மட்டையை எடுத்துக்கொண்டு, தன்னுடைய மிதமான மட்டைகள் இரண்டை மாற்றாகக் கொடுத்தான். ஓய்வெடுத்து, பரீட்சையும் எழுதிய பின் இவன் 21 இறாத்தலில் ஆடுகின்றான். பின்கோட்டிலிருந்து பின்கோட்டிற்குப் பந்து இப்பொழுது எளிதிற் செல்கின்றது, முன்னர் செல்லவில்லை.

எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்பாருக்காக என் அபிப்பிராயத்தை எழுதுகின்றேன். பொழுதுபோக்காக ஆடும் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் 18 முதல் 20. கிழமைக்கு இரண்டு மூன்று நாள் ஆடும் மாணவர்க்கு 20 முதல் 23. பயிற்றுநரிடம் ஒழுங்காகக் கற்று அணியில் ஆடுவோர்க்கு 23 முதல் 25. அதற்கு மேலே செல்ல விரும்புவோர் ஒவ்வொரு முறையும் ஓர் இறாத்தல் வீதம் ஏறிப் பார்க்கலாம். பின்கோட்டிற்குப் பந்து எட்டாது போகத் தொடங்கினால் இறங்கிவிடல் வேண்டும். பிளாத்திக்குப் பந்திலே ஆடுவோர் கீழெல்லையிலேயே நிற்பது உத்தமம். நரம்பின் பருமனையும் மறத்தல் ஆகாது. 0.70 மில்லிமீற்றர் நரம்பு நீண்டகாலம் உழைக்கும். 0.65 உம் அதனிலும் மெல்லியதும் துள்ளலும் ஒலியும் மிக்கவை, விரைவில் அறுந்துபோம். யொனெக்ஸ் பீஜீ 65 என்பது முதல்வகை. அதன் பெயரைக் கண்டு 0.65 என மயங்குவார் உளர், அது 0.70 ஆகும்.

ஒரே 24 இறாத்தல் இரு கடைகளில் ஒன்றாக இராது. சில பொறிகள் நரம்பை இழுத்தவுடன் பூட்டிக்கொள்கின்றன. நரம்பு அதன் பின் சிறிது நீண்டுவிடுவதால் இறுக்கம் குறையும். மின்பொறிகள் நரம்பு நீள நீளத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நல்ல கைகாரர் ஒருவரைக் கண்டால் அவரையே தொடர்ந்து நாடுதல் வேண்டும். அவருடைய 23 உங்களுக்குப் பொருந்தினால், அது வேறொருவருடைய கணக்கில் எத்தனை என்பது உங்களுக்கு வேண்டாத ஆராய்ச்சி.

பின்னுவித்த நரம்பு நாளுக்கு நாள் தளரும். முதல் நாளிலேயே பத்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடலாம். எவ்வளவு தளர்ந்தது என்பதை அறியக் கருவி வேண்டுமோ? வீணையோ வயலினோ கற்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தாற் போதும். தமிழில் நரம்பு என்னும் சொல் யாழின் தந்திக்கும் உரியது. காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியான சுவாமி விபுலானந்தர் 1947 இல் அரங்கேற்றிய யாழ் நூலில், நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணித முறையில் ஆராய்ந்தார் என்பதை மாணவர் அறிவர். நரம்பின் அதிர்வு மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்னும் விதியைப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1636 இல் வெளியிட்டார். அவ்விதி மட்டைக்கும் பொருந்தும்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே மட்டை, ஒரே வகை நரம்பு. 20 இறாத்தலில் அதன் ஒலியைச் சட்சமாகக் கொள்வோம். 28 என்பது 20 இன் 1.4 மடங்கு; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.18. அது மூன்று சுரத்தானங்கள் மேலே, சாதாரண காந்தாரத்தின் அருகே நிற்கும். இறுக்கத்திற் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, சுருதி ஏறத்தாழ ஒரு சுரத்தானம் கீழே இறங்கும். புதிதாகப் பின்னிய மறுநாள், நரம்புத் தளத்தின் நடுவை விரல்நகத்தாலோ வேறொரு மட்டையின் பிடியாலோ மெல்லத் தட்டி, எழும் சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கீத ஞானம் இல்லாதவர் கைத்தொலைபேசியிலுள்ள சுருதி காணும் செயலியைத் துணைக்கொள்ளலாம். கிழமைகள் கழிந்து ஒன்றரைச் சுரத்தானம் இறங்கிவிட்டால், நரம்பு அறாதிருப்பினும் மாற்றும் காலம் வந்துவிட்டது. வெவ்வேறு மட்டைகளை இவ்வாறு ஒப்பிடுதல் பயனற்றது. தலையின் பருமனும் நரம்பின் பருமனும் மாறினாற் சுருதியும் மாறும்.

இச்சோதனையை வகுப்பிற் செய்து காட்டியபொழுது, கணிதத்தில் ஆர்வமில்லாத இரு மாணவர் வர்க்கமூலத்தைத் தாமே கேட்டுக் கற்றனர் என்பதையும் இடையிற் சொல்லி வைக்கின்றேன்.

வெப்பம் நைலோனுக்குப் பகை. நண்பகல் வெய்யிலில் நிற்கும் மோட்டார் வண்டிக்குள்ளே மட்டையை விட்டுச் செல்வோர், மாலையில் அது ஒலி மாறியிருப்பதைக் காண்பர். வெப்பம் பந்தையும் மாற்றும். சூடான காற்று ஐதானது. பந்து தடையின்றித் தூரம் செல்லும். ஆகவே இறகுப் பந்தின் குழாயில் அச்சிட்டுள்ள வேக எண்ணைப் பார்த்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மெதுவான 1 அல்லது 2 ஐ வாங்குதல் தகும். நுவரெலியா குளிர்ந்த ஊர் ஆதலின் அங்கே பந்து மெதுவாகச் செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வூர் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதனால், குளிர் காற்றை அடர்த்தியாக்குவதைவிட உயரம் அதனை ஐதாக்குவதே அதிகம்; அங்கே பந்து கொழும்பைவிட வேகமாகவே பறக்கும். பிளாத்திக்குப் பந்தாயின் அடிநாடாவின் நிறத்தைப் பாருங்கள்: பச்சை மெதுவானது, நீலம் நடுவானது, சிவப்பு விரைவானது. பந்து தூரம் செல்லவில்லை என்று நரம்பை மாற்றுமுன் பந்தைப் பார்ப்பது செலவு குறைந்த வழி.

ஆடும்பொழுது ஒரு நரம்பு அறுந்தால், அப்படியே பையில் வைத்து வீட்டிற்குக் கொண்டு செல்லாதீர்கள். ஒரு பக்கத்து இழுவை குறைந்து மறுபக்கத்து இழுவை நிற்பதனால் வளையம் கோணிவிடும். கத்தரிக்கோலால் நடுவிலிருந்து தொடங்கி, வெளிப்புறமாக எல்லா நரம்புகளையும் வெட்டிவிடுதல் வேண்டும். வெட்ட மனம் வராது, வெட்டத்தான் வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து எழுதிய அன்பருக்கு: தங்கள் மகளுக்கு வயது பதின்மூன்று, கிழமைக்கு மூன்று நாள் ஆடுகின்றாள், இலண்டனிலுள்ள மாமனார் இரண்டு மட்டைகளில் ஒன்றை அனுப்பச் சித்தமாயுள்ளார் என எழுதியுள்ளீர்கள். 3யூ நிறையும் தலைப்பாரமும் விறைத்த தண்டும் உடையதை விடுத்து, விலை குறைந்த 4யூ சமநிலை மட்டையையே கேளுங்கள். விலை குறைந்ததைக் கேட்பதால் மாமனார் குறையாக நினையார். இயலுமானால் நரம்பு பின்னாத மட்டையாக அனுப்பச் சொல்லுங்கள்; அங்கே அவர்கள் எந்த எண்ணிற் பின்னுவார்கள் என்பது தெரியாது. இங்கே 21 இற் பின்னுவித்துக்கொள்ளலாம். மிச்சப் பணத்தில் 0.70 நரம்புப் பொதிகள் நான்கை அதே பார்சலில் வைத்து அனுப்பினால், ஓராண்டுக்கு மேல் போதும்.